வெண்ணெய்க்கும் கடுகு பாட்டிலுக்கும் நடுவே

ப்ரேமன்
பிப்ரவரி 4

தம்பி செவெரின்,

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் காலையில் பெட்டியும் கையுமாக உன் வீட்டு வாசலில் நின்று மணி அடித்தேன். நீ திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நீ நின்றிருந்தாய் என்று எனக்குத் தெரியும், உன் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. ஜெர்மனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டேன். ஒரு மாதமாக உன்னிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை.

பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, நம் பியெரோகி. அதை நீ தின்றிருப்பாய். கோபம் வேறு, வயிறு வேறு. இன்னொன்று, மூடியில் துளை போட்ட பிஸ்கட் டப்பா. அதை உடனே ஃப்ரிட்ஜில் வைக்கும்படி சீட்டு ஒட்டியிருந்தேன். வைத்தாயா? குப்பையில் போட்டிருந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்துவிடு.

வைத்திருந்தால் மேலே படி. டப்பாவில் இருப்பவை கொத்தனார் தேனீக்களின் கூடுகள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு தேனீ முழுதாக வளர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறது. இவை தேன் தராது, கொட்டாது, ராணி கிடையாது. ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். நாணல் குழலுக்குள் சேறு பூசி அறை அறையாகக் கட்டி முட்டையிடுவதால் அந்தப் பெயர். நம் ஊரில் தோட்டம் வைத்திருப்பவர்கள் பல பேர் வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர்காலம் முழுக்க இவை இருக்கும். நீதான் தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவன். என் வீட்டு ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியே வைத்தாலோ, பிப்ரவரியில் ஒரு நாள் வெயிலைப் பார்த்து ஏமாந்து விழித்துக்கொண்டு, மறுநாள் பனியில் செத்துப்போகும்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழ மரங்கள் பூத்ததும் டப்பாவை என் தோட்டத்துக்குக் கொண்டுபோய், கொட்டகைச் சுவரில் தொங்கும் நாணல் கட்டுக்குப் பக்கத்தில் திறந்து வை. மற்றதை அவை பார்த்துக்கொள்ளும்.

இனி அந்தக் கிறிஸ்துமஸ் விஷயம். எல்லார் வீட்டையும் போல நானும் எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு என்று ஒரு காலித் தட்டு வைத்திருந்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வருஷம் எனக்குன்னு தனியாத் தட்டு வைக்காதே அக்கா. இந்தக் காலித் தட்டோடயே என்னையும் சேத்துக்கோ" என்றாய், என் மகள் மருமகன் எல்லார் முன்னாலும். நான் கரண்டியைப் போட்டேன். "உன்கூட ஒரு மணி நேரம் உக்காந்தா பால் தானாத் திரிஞ்சிடும்டா, எழுந்து போ!" என்றேன். பீட்ரூட் சூப் வருவதற்கு முன்பே நீ கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

நான் திட்டியதை நினைத்து எனக்குத் தூக்கம் போகவில்லை. நீ சொன்னதை நினைத்துத்தான் போகிறது. இர்மினா இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மனைவி போன ரயிலுக்கு நீயும் டிக்கெட் எடுத்துவிட்டவன் போலப் பேசுகிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

போன் பண்ண மாட்டேன். பண்ணினால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

யாத்விகா


டோருன்
பிப்ரவரி 16

அக்காவுக்கு,

கடிதத்தையும் வைக்கலாம். ஃப்ரிட்ஜ் மேல் சில நாள் வைத்திருந்தேன்.

டப்பா பத்திரமாக இருக்கிறது, வெண்ணெய்க்கும் கடுகு பாட்டிலுக்கும் நடுவே. முதலில் சீட்டைப் படிக்காமல் மூடியைத் திறந்தேன். பழுப்பு நிறத்தில், குண்டு குண்டாக. வறுத்த காபிக்கொட்டை என்று நினைத்து, அக்காவுக்கு மனம் இளகிவிட்டது போலிருக்கிறது என்று அரைக்கிற மிஷினை எடுத்து மேஜையில் வைத்தேன். அப்புறம்தான் சீட்டு கண்ணில் பட்டது. உன் கொத்தனார்கள் மயிரிழையில் தப்பினார்கள்.

பியெரோகியில் உப்பு குறைவு.

என்னைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. நான் எந்த டிக்கெட்டும் எடுக்கவில்லை. காலையில் ஒரு நாளுக்கு வேண்டிய ரொட்டி வாங்குகிறேன். மதியம் வானொலி. தபால்காரர் புதுக் காலண்டர் விற்க வந்தார், வேண்டாம் என்றேன். பழையதே தொங்குகிறது, கிழமைதான் பொருந்தாது. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவரை, வண்டி வராது என்று தெரிந்தால் உடனே பலகையில் போட்டுவிடுவேன். மற்றவர்கள் 'தாமதம்' என்று போட்டு ஜனங்களைக் குளிரில் நிற்க வைப்பார்கள். அன்றைக்கு உன் மேஜையிலும் அதைத்தான் செய்தேன். உண்மையைப் பலகையில் போட்டேன். அதற்கு ஏன் கரண்டியைப் போட வேண்டும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உன் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் பெலாகியாம்மாவுடையது. தினமும் அங்கே கிடக்கிறவர் அவர். அவரிடம் கொடுக்காமல் இதை என் கழுத்தில் ஏன் கட்டினாய்?

ஒரு சந்தேகம். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே விளக்கு எரிகிறது. அது அவற்றின் தூக்கத்தைக் கெடுக்குமா? இப்போதைக்கு டப்பா மேல் ஒரு துணியைப் போட்டு வைத்திருக்கிறேன்.

செவெரின்


ப்ரேமன்
மார்ச் 12

தம்பி,

துணி போட்டிருக்கிறேன் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நான் பார்த்துக்கொள்கிற லூடர்ஸ் தாத்தாவுக்குக் காது டமாரம். ஆனால் என் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தா?" என்று கேட்டார். "யாரும் சாகல, என் தம்பி ஃப்ரிட்ஜுக்குள்ள தாலாட்டுப் பாடறான்" என்று கத்தினேன். அவர் பாதிதான் புரிந்துகொண்டார். "பாடட்டும்" என்றார்.

விளக்கு எரிந்தால் ஒன்றும் ஆகாது. துணியை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். காய்ந்து போகாமல் பார்த்துக்கொள், ஈரப் பஞ்சு ஒன்றைப் பக்கத்தில் வை.

பெலாகியாம்மா டப்பாவைக் கேட்டார். நான்தான் கொடுக்கவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும், தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியதில்லை. யாரோ ஒருவர் உன் ஃப்ரிட்ஜில் வசந்தத்துக்காகக் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். உனக்குப் பதிலாக.

இன்னொரு விஷயம். நான் இங்கே வந்து இது மூன்றாவது வசந்தம். தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. தோட்டங்களைக் குத்தகைக்கு விடுகிற சங்கத்தின் தலைவர் ப்ளூதாவின் கண் அதன் மேல் விழுந்திருக்கிறது, யாரோ மருமகப்பிள்ளைக்கு வேண்டுமாம். இந்த இலையுதிர்காலத்தோடு இங்கே என் வேலை முடிகிறது. நிரந்தரமாகத் திரும்புகிறேன். அந்தத் துண்டு நிலமும் கொட்டகையும் இருப்பதால்தான், ஊர் பேர் தெரியாத வீட்டில் அடுத்தவர் படுக்கையை நாள்தோறும் தட்டிப்போட முடிகிறது. போகிறபோது கேட்டை ஒரு முறை பார்த்துக்கொள்.

மரம் பூத்ததும் டப்பாவைத் திற. மறந்துவிடாதே. உன் மனம் திறக்கும்வரை காத்திருந்தால் அவற்றின் பேரப்பிள்ளைகள்கூடப் பிழைக்காது.

யாத்விகா


டோருன்
ஏப்ரல் 23

அக்காவுக்கு,

டோருனில் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. திடீரென்று வெயில். ஜனங்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் தின்கிறார்கள். நதிக்கரையில் பிளம், செர்ரி எல்லாம் வெள்ளை வெளேர் என்று நிற்கின்றன. உன் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் மொட்டு சிவந்திருக்கிறது.

டப்பாவைத் திறக்கவில்லை. இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது.

நேற்று தோட்டத்துக்குப் போனேன். பெலாகியாம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"எங்க டப்பா? கையை வீசிக்கிட்டு வந்திருக்கீங்க!"

"மே பாதி போகட்டும்."

"பூவெல்லாம் பூத்தாச்சு. இன்னும் என்ன நல்ல நாள் பாக்கறீங்க?"

"குளிர்த் தோட்டக்காரங்க மூணு பேரும் வந்துட்டுப் போகட்டும்."

அவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ, அது தக்காளிக்குங்க! வெள்ளரிக்குங்க! தேனீக்கு இல்ல!"

பனி என்ன, தக்காளி யார் தேனீ யார் என்று பார்த்தா விழும்? பான்க்ராசி, செர்வாசி, போனிஃபாசி என்று மே நடுவில் கடைசிப் பனியோடு வரிசையாக வரும் மூன்று புனிதர்கள்தான் அந்தத் தோட்டக்காரர்கள், நான்காவதாகக் குளிர் ஸோஃபியா. அந்த நான்கு பேரின் நாளும் கடக்காமல் எந்த உயிரையும் வெளியே விடக்கூடாது என்றுதான் நம் அப்பா சொல்வார். தக்காளிக்குத்தான் என்று சொன்ன பெலாகியாம்மாவே வெயிலை நம்பி நேற்றே தக்காளி நாற்றை நட்டுவிட்டார். தைரியசாலி.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்த வருஷமும் ஏப்ரல் இப்படித்தான் இருந்தது. டாக்டர் வெளியே வந்து, "நல்லா முன்னேற்றம் தெரியுது, இனிமே பயமில்லை" என்றார். வருகிற வழியிலேயே இர்மினா பால்கனிக்குத் தக்காளி நாற்று வாங்கினாள். மே மாதம் அந்த நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற நான்தான் இருந்தேன். ஏப்ரல் என்ன சொன்னாலும் நான் நம்புவதாக இல்லை.

உன் தேனீக்கள் குளிரில் பத்திரமாகத் தூங்குகின்றன. தூங்கட்டும்.

செவெரின்


ப்ரேமன்
ஏப்ரல் 28

செவெரின்!

உடனே திற! இந்த வரியைப் படித்ததும் செருப்பை மாட்டு, டப்பாவை எடு, ஓடு. மிச்சத்தைத் திரும்பி வந்து படி.

அவை பத்திரமாகத் தூங்கவில்லையடா, பட்டினி கிடக்கின்றன. போன கோடையில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஏப்ரல் தாண்டினால் கரைக்க ஒன்றும் இருக்காது. கூட்டைக் கடித்து வெளியே வரக்கூடத் தெம்பு இருக்காது. ஃப்ரிட்ஜில் வைத்தபடியே செத்துப்போகும். வெளியே விட்டால் பனி கொல்லலாம். உள்ளேயே வைத்தால் நிச்சயம் சாகும். கட்டுப்பாட்டு அறைக்காரனுக்கு இந்தக் கணக்குப் புரியாதா?

இர்மினா நாற்று வாங்கின அன்று எனக்குப் போன் பண்ணினாள். உனக்குத் தெரியாது. அரை மணி நேரம் தக்காளியைப் பற்றியே பேசினாள், எந்த ஜாதி, எந்தத் தொட்டி, உனக்குப் பிடிக்காது என்றாலும் சாலட்டில் போடுவேன் என்று. அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. டாக்டர் பொய் சொன்னாரோ இல்லையோ, அந்த அரை மணி நேரம் பொய் இல்லை. நீ அதையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறாய் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஓடு.

யாத்விகா


டோருன்
மே 17

அக்காவுக்கு,

மே முதல் வாரம் நம் ஊரில் விடுமுறை வாரம் என்பதை நீ மறந்துவிட்டாய். தபால்காரர் உட்பட எல்லோரும் எங்கேயோ இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். உன் கடிதம் பத்தாம் தேதிதான் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். இதுவரை நீ எழுதியதில் இது ஒன்றில்தான் உன் பேச்சை அப்படியே கேட்டிருக்கிறேன்.

நிலவரத்தைச் சொல்கிறேன். செர்ரி, பிளம் பூ உதிர்ந்துவிட்டது. ஆப்பிளில் கடைசி இதழ்கள். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கொட்டகை வாசலில் உன் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் போனேன். மத்தியானம் ஒரு கூடு ஆடியது. உள்ளேயிருந்து சுரண்டும் சத்தம். வெள்ளை மீசையோடு ஒரு முகம் வெளியே வந்தது. அது ஆண் என்று பெலாகியாம்மா சொன்னார். வெளியே வந்து, இறக்கையைத் துடைத்துக்கொண்டு, நாணல் கட்டுக்கு முன்னாலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வரும்வரை அப்படித்தான் காத்திருக்குமாம். வேலையற்றுப் போய் வாசலில் சுற்றுகிறவன் என்ற முறையில் எனக்கு அதைப் பிடித்துவிட்டது.

பெண்கள் மெதுவாக வந்தன. நிறையக் கூடுகள் திறக்கவே இல்லை. கையில் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன், அசைவே இல்லை. அவை என்னால் செத்தவை. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

பதின்மூன்றாம் தேதி பனி விழுந்தது. பெலாகியாம்மாவின் தக்காளி முழுக்கக் கருகிவிட்டது. நான் சொன்னது பலித்தது. முன்பெல்லாம் நான் சொன்னது பலித்தால் உள்ளுக்குள் ஒரு திருப்தி இருக்கும், இந்த முறை அது வரவில்லை. விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய் நாணலைப் பார்த்தேன். ஒவ்வொரு குழலிலும் ஒவ்வொன்றாக உள்ளே ஒண்டிக்கொண்டு கிடந்தன. வெயில் ஏறியதும் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. ஒரு பனிக்கு நான் கொடுத்த மரியாதையில் பாதிகூட அவை கொடுக்கவில்லை.

பூ இல்லாமல் எதைத் தின்னும் என்று கவலைப்பட்டேன். உன் தோட்டம் காப்பாற்றியது. நீ மூன்று வருஷம் கவனிக்காமல் விட்டதில், கொட்டகைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குக் களை. அதில் பளபளவென்று மஞ்சளாக, சின்னக் கிண்ணம் போல ஒரு பூ பூத்துக் கிடக்கிறது. எல்லாம் அதற்குத்தான் போகின்றன. வயிற்றில் மஞ்சள் தூளைப் பூசிக்கொண்டு திரும்புகின்றன. சேறு இல்லாமல் திண்டாடின. நம் கேக் தட்டில் களிமண்ணைக் குழைத்து வைத்தேன், இப்போது வரிசையில் நிற்கின்றன. தினமும் அதை ஈரமாக வைத்திருப்பது என் வேலை.

கெட்ட செய்தி கடைசியில். உன் கேட்டில் ப்ளூதா நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். இருபத்தெட்டாம் தேதி கமிட்டி வந்து பார்க்கும். அதற்குள் களையை அறுத்துச் சுத்தம் பண்ணாவிட்டால் தோட்டம் 'கைவிடப்பட்டது' என்று எழுதிச் சங்கம் எடுத்துக்கொள்ளும். அறுத்தால் தேனீக்கு வேறு சாப்பாடு இல்லை. அறுக்காவிட்டால் உனக்குத் திரும்பி வர இடம் இல்லை. தோட்டம் உன்னுடையது, நீ சொல்.

செவெரின்


ப்ரேமன்
மே 22

தம்பி,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அறுத்துவிடு.

இதை எழுத ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன். லூடர்ஸ் தாத்தாவின் மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். தேனீயை அடுத்த வருஷம் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம். தோட்டம் போனால் இந்த வயதில் எனக்கு யார் இன்னொன்று கொடுப்பார்கள்? வரிசையில் இளம் குடும்பங்கள் காத்திருக்கின்றன. புல்லறுக்கிற மிஷின் கொட்டகைக்குள் இருக்கிறது. சாவி, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

செத்தவற்றுக்காக மனதை வருத்திக்கொள்ளாதே. நீ அவற்றைக் காப்பாற்ற நினைத்துத்தான் பூட்டி வைத்தாய். உன்னையும் அப்படித்தான் பூட்டி வைத்திருக்கிறாய் என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லிவிட்டேன், போ.

யாத்விகா


டோருன்
மே 30

அக்காவுக்கு,

அறுக்கவில்லை. கோபப்படுவதற்கு முன் முழுதும் படி.

உன் கடிதம் கிடைத்த அன்றே தோட்டத்துக்குப் போனேன். அறுக்கத்தான் போனேன், சத்தியமாக. சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக் கதவுக்குப் போனால், சாவித் துவாரத்திலிருந்து ஒரு பின்பக்கம் தெரிகிறது. மஞ்சள் பூசிய பின்பக்கம். நாணலில் அத்தனை இடம் இருந்தும் ஒரு பெண் தேனீ உன் பூட்டுக்குள் வீடு கட்டிக்கொண்டிருந்தது. நான் சாவியை நீட்டிக்கொண்டு நின்றேன். அது வெளியே வந்து, என் கையைச் சுற்றிப் பறந்து, சேறு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டேன்.

பெலாகியாம்மா தன்னுடைய மிஷினை வேலிக்கு மேலே நீட்டினார். வாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ரயில்வேயில் இருந்தவனுக்கு விதிப் புத்தகம் படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. 'தோட்டம் பயிரிடப்பட்டுப் பராமரிக்கப்பட வேண்டும்' என்று இருக்கிறது. எதைப் பயிரிட வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

மறுநாளிலிருந்து குச்சி நட்டேன். கயிறு கட்டினேன். களையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, நடுவில் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி நடைபாதை விட்டேன். ஓரத்தைச் செங்கல் வைத்து ஒழுங்கு பண்ணினேன். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு பலகை: 'மஞ்சள் கிண்ணப்பூ. முதல் பாத்தி.' 'மஞ்சள் கிண்ணப்பூ. இரண்டாம் பாத்தி.' அப்படியே கடைசி வரை.

இருபத்தெட்டாம் தேதி ப்ளூதா கோப்பும் கையுமாக வந்தார், பின்னால் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர். கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"இது என்னங்க?"

"பயிர்."

"என்ன பயிர்?"

"பலகையில எழுதியிருக்கேனே."

குனிந்து படித்தார். "இது களைங்க, செவெரின் ஐயா."

"வரிசையா இருந்தா பயிர். உங்க வெங்காயம் என் தோட்டத்துல தாறுமாறா முளைச்சா அதுதான் களை."

கமிட்டியில் ஒருவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். ப்ளூதா சிவந்துவிட்டார். "விளையாடறீங்களா? நான் எழுதறேன், கைவிடப்பட்டதுன்னு!"

வேலிக்கு மேலே பெலாகியாம்மாவின் தலை வந்தது. "ப்ளூதா, வாயை மூடிட்டு இந்த மனுஷன் சொல்றதைக் கேளுங்க. பனி விழும்னு ஏப்ரல்லயே சொன்னாரு. ஊரே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். இப்ப என் தக்காளியைப் பாருங்க. உங்க வெள்ளரி எப்படி இருக்கு?"

ப்ளூதா வெள்ளரியைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்று தெரிந்தது. அவருக்கும் போயிருக்கிறது. என்னுடைய அவநம்பிக்கைக்கு முதல் தடவையாக ஊரில் ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது, அக்கா.

"கொட்டகையைத் திறங்க, உள்ளே பாக்கணும்" என்றார்.

"திறக்க முடியாது. குடியிருக்காங்க."

"யாரு?"

பூட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அது வந்தது. அவர் மூக்குக்கும் பூட்டுக்கும் நடுவே நுழைந்து, உள்ளே போய், சேற்றை வைத்து மெழுக ஆரம்பித்தது. மெழுகும்போது ஒரு சின்ன ரீங்காரம் கேட்கும், பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். ப்ளூதா காதை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிமிர்ந்து, "இது எப்ப காலி பண்ணும்?" என்று கேட்டார்.

"அம்மா சீக்கிரம் போயிடும். பிள்ளைங்க அடுத்த ஏப்ரல்ல வெளிய வரும்."

"அதுவரைக்கும் யாரு பாத்துக்கறது? உங்க அக்கா ஜெர்மனியில இருக்காங்க."

"நான் இருப்பேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அடுத்த ஏப்ரலைப் பற்றிக் கேட்கிற ஒரு மனிதரிடம், நான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். யோசித்துச் சொன்னதில்லை. ப்ளூதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பில் 'பராமரிப்பில் உள்ளது' என்று எழுதினார். வேலியோரப் புதரை மட்டும் வெட்டச் சொன்னார். வெட்டிவிடுகிறேன். அவர் மருமகப்பிள்ளைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

அவர்கள் போனதும் பெலாகியாம்மா ஒரு துண்டு ருபார்ப் கேக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து தின்றேன். "களையை வரிசையா வெச்சா பயிராம்!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கேக் புரையேறியது.

செவெரின்


ப்ரேமன்
ஜூன் 8

தம்பி,

நான் அறுக்கச் சொன்னேன். நீ கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஒன்றையாவது கேட்டிருக்கிறாயா?

உன் கடிதத்தை லூடர்ஸ் தாத்தாவுக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கத்திக் கத்திச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. பூட்டு விஷயத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த ஏப்ரல் இடம் வந்ததும் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு டிவியைப் போட்டார்.

நவம்பர் கடைசியில் வந்துவிடுகிறேன், மூட்டை முடிச்சோடு. கிறிஸ்துமஸ் சாப்பாடு என் வீட்டில். எத்தனை தட்டு வைக்க வேண்டும் என்று நானாகக் கேட்க மாட்டேன் என்று சபதம் பண்ணியிருந்தேன். இதோ கேட்டுவிட்டேன். அவசரமில்லை, யோசித்து எழுது.

யாத்விகா


டோருன்
நவம்பர் 4

அக்காவுக்கு,

கோடையில் அதிகம் எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜூன் கடைசியில் பறப்பது நின்றுவிட்டது, ஒன்றுகூட இல்லை. முதலில் மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. இயற்கையே அவ்வளவுதான், ஆறு வாரம் என்று பெலாகியாம்மா சொன்னார். குழல்களின் வாய் மட்டும் சேற்றால் அடைத்திருந்தது. வெயில் அடிக்காமல் அதற்கு ஒரு கூரை போட்டேன். பூட்டுக்கு ஒரு தகர மூடி போட்டேன். உன் கொட்டகையின் பின்சுவரில் ஒரு பலகையைக் கழற்றித்தான் உள்ளே போய் வருகிறேன், திட்டாதே.

போன வாரம் குழல்களைச் சமையல் மேஜையில் பரப்பிப் பிளந்தேன். பல குழல்கள் வெறும் சேறு. சிலவற்றில் பூச்சி பிடித்துப் பாழாகியிருந்தது, அவற்றை எரித்துவிட்டேன். நல்ல கூடுகளைச் சேர்த்துப் போட்டதில் நீ கொடுத்த டப்பா நிறையவில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேல். ஏப்ரலிலேயே திறந்திருந்தால் வழிந்திருக்கும் என்று தெரியும். ஆனாலும் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் கழுவி, செய்தித்தாளில் உலர்த்தி, டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். வெண்ணெய்க்கும் கடுகு பாட்டிலுக்கும் நடுவே. ஈரப் பஞ்சு இருக்கிறது, துணியும் இருக்கிறது.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர்கள் நாளன்று இர்மினாவின் கல்லறைக்குப் போய் விளக்கு வைத்தேன். கூட்டம் நெரிந்தது. தக்காளி நாற்று வாங்கிய அன்று நீயும் அவளும் பேசியதைப் பற்றி அவளிடம் கேட்டேன். பக்கத்துக் கல்லறை அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வருகிற மே மாதம் பால்கனியில் நாற்று வைக்கலாம் என்றிருக்கிறேன். குளிர் ஸோஃபியா போன பிறகுதான் வைப்பேன், அதில் மாற்றமில்லை.

தபால்காரர் காலண்டரோடு வந்தார். வாங்கினேன். ஏப்ரலில் செர்ரி எப்போது பூக்கும் என்று அதில் போடவில்லை, என்ன காலண்டரோ.

நீ ஜூனில் கேட்டதற்குப் பதில். காலித் தட்டைக் காலித் தட்டாகவே தனியாக வை, வருகிறவர் யாராவது வரட்டும். எனக்கு வேறு தட்டு வை. சூப் ஆறுவதற்கு முன்னால் வந்துவிடுவேன்.

செவெரின்